இரண்டு முகங்கள், ஒரே எடை: காவிரிக் கரைக்கு வந்த ரோமானிய வெள்ளி



ரோமானியப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பதும் இனங்காண்பதும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நீரோவின் தடித்த கழுத்து, டிராஜனின் நெற்றி, மார்க்கஸ் அரேலியஸின் தாடி என்று வரிசையாகத் திரையில் முகங்கள் வரும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாறப் போகிறீர்கள். தமிழக மண்ணிலிருந்து வெளிவந்த ரோமானிய வெள்ளியில் பெரும்பகுதி இரண்டே வகைதான். ஒன்று அகஸ்டஸ் அடித்தது, மற்றது டைபீரியஸ் அடித்தது. ஒரு பானையைத் திறந்தால் இந்த இரண்டும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். மற்ற அரசர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆல்பத்தில் கட்டம் கட்டமாக நிரப்ப ஆசைப்படுகிறவருக்கு இது சலிப்பான செய்தி. எனக்கோ இன்றைய பேச்சே இந்தச் சலிப்பைப் பற்றியதுதான். ஒரே மாதிரிக் காசு திரும்பத் திரும்ப வருவதுதான் நம் மண்ணில் கிடைத்த ரோமானிய வெள்ளியின் முதன்மையான செய்தி. அரியது ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை எடைக்குப் போடும் பழக்கம் அந்தச் செய்தியை அழித்துக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் காசுகளைக் கையில் எடுப்போம். தினாரியஸ் என்பது ரோமின் நடைமுறை வெள்ளிக் காசு. அளவில் நம்முடைய பழைய நான்கணாவை விடக் கொஞ்சம் சிறியது, ஆனால் தடிமன் கூடியது. அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்ற கணக்கு. அதாவது புதிதாக அச்சிலிருந்து வந்தபோது ஏறக்குறைய 3.9 கிராம். தேய்மானம் போக இன்று 3.5 முதல் 3.8 கிராம் வரை நிற்பது வழக்கம்.

அகஸ்டஸ் வகையின் முன்புறத்தில் வலப்பக்கம் நோக்கிய தலை, இலைமாலை, சுற்றிலும் லத்தீன் எழுத்து. 'சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை' என்பது அதன் சாரம். பின்புறத்தில் இரண்டு இளைஞர்கள் நேராக நிற்கிறார்கள். இருவர் கையும் கேடயத்தின்மேல். கேடயங்களுக்குப் பின்னே ஈட்டிகள், மேலே பூசைக்குரிய அகப்பையும் வளைந்த கோலும். அந்த இளைஞர்கள் காயஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்கள், பின்னர் அவர் தத்தெடுத்துக்கொண்ட வாரிசுகள். 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் அகஸ்டஸுக்குக் கி.மு. 2இல்தான் கிடைத்தது. ஆகவே காசு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். வாரிசுகள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்கள் உருவம் பொறித்த வெள்ளி கடல்தாண்டிப் பயணம் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

டைபீரியஸ் வகையில் முன்புறம் அதே போல் இலைமாலை சூடிய தலை. பின்புறத்தில் நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் கிளை. அவள் டைபீரியஸின் தாய் லிவியா என்று பலர் சொல்கிறார்கள், அமைதித் தெய்வம் என்று சிலர் சொல்கிறார்கள். சுற்றிலும் 'தலைமைப் பூசாரி' என்ற பொருளுள்ள 'பொன்டிஃப் மாக்ஸிம்' மட்டும். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸ் இதே வடிவத்தைப் பெரிதாக மாற்றவே இல்லை. காசில் ஆட்சியாண்டும் கிடையாது. இந்த 23 ஆண்டில் எந்தப் பகுதியில் அடித்தது என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் நாற்காலியின் காலைப் பார்க்கிறார்கள்: வெறும் காலா, கடைசல் வேலை செய்த காலா, நாற்காலிக்குக் கீழே கோடு ஒன்றா, இரண்டா. இதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் காசியல் என்பது பெரும்பாலும் நாற்காலிக் கால் பார்க்கும் வேலைதான்.

நம் ஊரில் கிடைப்பவற்றில் ஓர எழுத்துகள் வட்டத்துக்கு வெளியே போயிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். கவலைப்பட வேண்டாம். பின்புறத்தில் நிற்கிறவர்கள் இருவர் என்றால் அகஸ்டஸ். உட்கார்ந்திருப்பவள் ஒருத்தி என்றால் டைபீரியஸ். எழுத்து மிச்சம் இருந்தால், 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' வடிவம் நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இடைவெளியும் சுருக்கப் புள்ளியும் பல நேரம் இருக்காது. காலிகுலா, கிளாடியஸ், நீரோ காசுகளும் தமிழகக் குவியல்களில் தலைகாட்டுகின்றன. அவர்களுடைய காசுகளில் பலவற்றில் மக்கள் மன்ற அதிகாரம் எத்தனையாவது ஆண்டு என்ற எண் வரும்; அதைப் பிடித்துக்கொண்டால் ஆண்டைச் சொல்லிவிடலாம். அவற்றை நூல்களின் உதவியோடு நீங்களே செய்துகொள்ளலாம். நான் மேலே போகிறேன்.

இரண்டு வகையையும் அடித்த அக்கசாலை லுக்டுனும். இன்றைய பிரான்சின் லியோன் நகரம். 1752இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் ஆங்கிலேயரிடம் சரணடைந்த கதை நம் திருச்சியில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பே, பிரான்ஸ் மண்ணில் அடித்த வெள்ளி அமராவதிக் கரைக்கும் காவிரிப் படுகைக்கும் வந்து இறங்கிவிட்டது. அது யாரிடமும் சரணடையவில்லை. எடை போட்டு வாங்கப்பட்டது.

ஏன் இந்த இரண்டு மட்டும்? எளிய பதில், இரண்டும் மிகப் பெருமளவில் அடிக்கப்பட்டவை என்பது. உண்மைதான், ஆனால் போதாது. ரோமானியச் சந்தையில் அப்போது கைமாறிக்கொண்டிருந்த வெள்ளியில் குடியரசுக் காலத்துப் பழைய காசுகள் ஏராளம். மார்க் ஆன்டனி தன் படைக்குக் கூலி கொடுக்க கி.மு. 32-31இல் அடித்த, கப்பல் பொறித்த காசுகளும் ஏராளம். ஆன்டனியின் வெள்ளி மட்டம். மட்டமான காசை யாரும் பதுக்க மாட்டார்கள். அதனால் அது ரோமானிய நாடுகளுக்குள் 200 ஆண்டுகளுக்கு மேல் கைமாறிக்கொண்டே இருந்தது. கிடைத்த காசை அப்படியே அள்ளிக் கப்பலில் ஏற்றியிருந்தால் அந்தக் கப்பல் காசு கரூரிலும் வெள்ளலூரிலும் குவிந்திருக்க வேண்டும். இங்கே அது மிக அரிது. ஆகவே யாரோ பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அலெக்சாந்திரியாவில் கப்பல் ஏற்றிய வணிகரா, இங்கே வாங்கிய வணிகரா என்று கேட்டால், இருவருமே என்பேன். இங்கே எது செல்லும் என்று தெரிந்துதானே அங்கே பொறுக்குவான்?

மூத்த பிளினி கி.பி. 77ஐ ஒட்டி முடித்த இயற்கை வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் முன்னாள் அடிமை ஒருவன் அரேபியக் கடலோரத்தில் போய்க்கொண்டிருந்தபோது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரை ஒதுங்குகிறான். அவனிடமிருந்த தினாரியஸ்களைப் பார்த்த இலங்கை மன்னன், வெவ்வேறு அரசர்களின் தலை பொறித்திருந்தும் எல்லாக் காசும் ஒரே எடை நிற்பதைக் கண்டு ரோமானியரின் நேர்மையை வியந்தானாம். கதை பிளினியின் பெருமைக்காகச் சொல்லப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் தென்னாட்டார் காசைப் பார்க்கும் விதம் சரியாகப் பதிவாகியிருக்கிறது: முகம் யாருடையதானால் என்ன, எடை சரியா? நம் திருச்சிப் பெரியகடை வீதியில் இன்றைக்கும் கேட்கும் கேள்வி அதுதான்.

இதே பழக்கம் ரோமின் வடக்கு எல்லையிலும் இருந்தது. கி.பி. 98இல் ஜெர்மானியரைப் பற்றி எழுதிய டாசிட்டஸ், அவர்கள் நெடுநாள் பழகிய பழைய காசுகளையே விரும்பினார்கள், குறிப்பாக ஓரம் வெட்டுப்பட்ட காசையும் இரட்டைக் குதிரைத் தேர் பொறித்த காசையும் கேட்டு வாங்கினார்கள் என்கிறார். ஓரத்தில் வெட்டு இருந்தால் உள்ளே செம்பு இல்லை என்று கண்ணாலேயே தெரியும்.

கி.பி. 64இல் நீரோ காசைத் திருத்தினான். ராத்தலுக்கு 84 என்றிருந்தது 96 ஆயிற்று. ஒரு காசு சுமார் 3.4 கிராமுக்கு இறங்கியது. வெள்ளியின் மாற்றும் குறைந்தது. அதற்குப் பிறகு அடித்த வெள்ளிக் காசு தமிழகக் குவியல்களில் மிகக் குறைவு. தங்கம் மட்டும் தொடர்ந்து வந்தது. இங்கேதான் அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். டைபீரியஸ் காலத்திலேயே வெள்ளி வந்து சேர்ந்துவிட்டது, பிறகு வரத்து நின்றது என்பது ஒரு கட்சி. நீரோ காசை மட்டமாக்கிய பிறகுதான் வணிகர்கள் பழைய நல்ல வெள்ளியைத் தேடிப் பொறுக்கி இங்கே அனுப்பினார்கள், ஆகவே டைபீரியஸ் காசு பல அவன் செத்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவை என்பது டேவிட் மெக்டொவல் முன்வைத்த வாதம். நான் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்கிறேன். ஆனால் முழுதாகச் சாய முடியவில்லை. டாசிட்டஸ் இன்னொரு நூலில் கி.பி. 22இல் டைபீரியஸே மேலவைக்கு எழுதிய கடிதத்தைக் குறிப்பிடுகிறார். பெண்களின் மணிகளுக்காக நம் பணம் அயலாருக்குப் போகிறது என்று அதில் புலம்பல் இருக்கிறது. அப்போதே பணம் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது.

இந்த வழக்கைத் தீர்க்கக்கூடிய சான்று எது தெரியுமா? குவியல்களில் உள்ள காசுகளின் தேய்மானம். ஒரு பானையில் இருக்கும் டைபீரியஸ் காசு எல்லாம் புதுக்கருக்கோடு இருந்தால் அது விரைவில் வந்து புதைந்தது. ஒவ்வொன்றும் நன்றாகத் தேய்ந்திருந்தால் அது பல ஆண்டு ரோமானியக் கைகளில் புரண்ட பிறகு வந்தது. பானை முழுவதையும் ஒன்றாக எடை போட்டால்தான் இது தெரியும். நல்லதாக நாலைந்தை எடுத்துக்கொண்டு மற்றதை உருக்கிவிட்டால், கையில் இருக்கும் நாலைந்தும் பொய்சாட்சி சொல்லும். ஏனென்றால் அவை தேய்மானம் குறைந்தவை என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

இப்போது ஊர்களுக்கு வருகிறேன். வெள்ளிக் குவியல்களில் பெரியவை கொங்குப் பகுதியில் கிடைத்தவை. கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் 522 காசு. அதே ஊரில் 1891இல் இன்னொரு பானை, 547 காசு. உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். பொள்ளாச்சியிலும் கிடைத்திருக்கிறது. கரூரில் 1878இல் சுமார் 500. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து நொய்யல், அமராவதி வழியாகக் காவிரிக்கு இறங்கும் பாதை அப்படியே தெரியும். மேற்குக் கடற்கரை முசிறியில் கப்பலைக் கட்டிவிட்டு, மலையிடுக்கு வழியாகக் கிழக்கே வந்த பணம் அது. வழியில் படியூர் பச்சைக்கல் சுரங்கமும் கொடுமணல் கல்பட்டறைகளும் இருக்கின்றன. 1904இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்து எழுதிய ராபர்ட் சுவெல், கோவைப் பகுதிக் குவியல்களுக்கும் அந்தக் கற்களுக்கும் உள்ள தொடர்பை அப்போதே சுட்டிக்காட்டினார். அகநானூற்று 149ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறிக்கு வரும் யவனர் கலத்தைப் பாடும்போது பொன்னையும் மிளகையும் சொல்கிறார், வெள்ளியைச் சொல்லவில்லை. புலவர் பாடாத வெள்ளி மண்ணில் நிறையக் கிடக்கிறது.

திருச்சிக்கு இதில் என்ன பங்கு? உறையூரைப் பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடற்பயணக் கையேட்டின் ஆசிரியர் அர்காரு என்று குறிப்பிட்டு, அங்கிருந்து வரும் மெல்லிய துணியைச் சொல்கிறார். 1960களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் தோண்டியபோது உருளிக்கோட்டு அணி செய்த மட்கல ஓடுகளும், தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளும், சாயத் தொட்டி என்று கருதப்படும் செங்கல் கட்டடமும் வெளிவந்தன. துணி இங்கிருந்து போனது. விலை எந்த வடிவில் வந்தது என்பதற்கு மேற்கே கரூரும் தெற்கே கருக்காக்குறிச்சியும் பதில் சொல்கின்றன.

கருக்காக்குறிச்சி, புதுக்கோட்டைப் பக்கம் ஆலங்குடி அருகே உள்ள ஊர். 1898இல் அங்கே ஒரு பானையில் 501 ரோமானியக் காசு கிடைத்தது, அத்தனையும் தங்கம். அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜி. எஃப். ஹில் அதைப் பற்றி எழுதினார். அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு நூறு ஆண்டுகளாக விளக்கங்கள் வந்துகொண்டிருக்கின்றன. உள்ளே தங்கம்தானா என்று சோதித்தார்கள் என்பார் உண்டு. அயல் அரசனின் ஆணை இங்கே செல்லாது, இனி இது வெறும் பொன் என்று அறிவித்தார்கள் என்பார் உண்டு. சோதிக்க ஒரு மூலையில் வெட்டினால் போதும். சரியாக முகத்தில் வெட்டியிருப்பதால் இரண்டாவது விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரூர் வட்டம் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில். அதற்குப் பிறகு தனி மாவட்டம். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், பிறகு 1974 வரை திருச்சி மாவட்டம், அப்புறம் தனி மாவட்டம். ஆகவே ஒரே பானை ஒரு பட்டியலில் கோயம்புத்தூர் என்றும், இன்னொன்றில் திருச்சிராப்பள்ளி என்றும், மூன்றாவதில் கரூர் என்றும் நிற்கும். இதை அறியாமல் மூன்று புதையல் என்று எண்ணிக் கட்டுரை எழுதிவிடக் கூடாது. மாவட்டத்தை நம்பாதீர்கள், ஊர்ப் பெயரையும் ஆண்டையும் பிடியுங்கள்.

கரூர் என்றால் அமராவதி ஆறும் கூடவே வரும். ஆற்று மணலைச் சலித்துப் பொன்துகளும் பழங்காசும் தேடி வாழ்ந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். அவர்களிடமிருந்து வணிகர் கைக்குப் போன காசுகளைத் தேடி வாங்கி ஆராய்ந்தவர் 2021இல் மறைந்த தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி 1994இல் நூல் வெளியிட்டார். தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்று பொறித்த சேரர் வெள்ளிக் காசு வெளியுலகுக்குத் தெரிந்ததும் அவரால்தான். அந்தக் காசில் அரசனின் தலை வலப்பக்கம் நோக்கி இருக்கிறது. பழைய முத்திரைக் காசுகளில் அரசன் முகம் கிடையாது. மீனும் வில்லும் யானையும் குறியீடுகளுமே காசுக்கு முகமாக இருந்த நாட்டில் திடீரென்று ஒரு மனிதத் தலை. தினாரியஸைக் கையில் வைத்துப் பார்த்த அக்கசாலைக்காரன்தான் இதைச் செய்திருக்க முடியும் என்று பலர் கருதுகிறார்கள், நானும் அப்படியே. கிருஷ்ணமூர்த்தியின் பணியில் ஒரு குறை சொல்லலாம்: ஆற்றிலிருந்து சந்தைக்கு வந்த காசுக்கு வணிகன் வாய்ச்சொல்தான் ஆதாரம். ஆனால் வாங்கியதைப் பெட்டிக்குள் பூட்டாமல் படத்தோடும் எடையோடும் அச்சில் போட்டார். அதற்காகவே தனியார் சேகரிப்பாளர்கள் அவரை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்.

அரசுத் தரப்பிலும் அட்டவணைகள் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் 1888இல் தொடங்கிவைத்ததை டி. ஜி. அரவமுதன் 1942இல் விரிவாகச் செய்தார். 1989இல் பவுலா டர்னர் இந்தியா முழுவதற்குமாக எல்லாக் குவியல்களையும் திரட்டினார். அவற்றைப் படிக்கும்போது மீண்டும் மீண்டும் வரும் துயரம் ஒன்று: 'இத்தனை கிடைத்தன, இத்தனை வாங்கப்பட்டன.' இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள காசுகள் எங்கே? பிற அருங்காட்சியகங்களுக்குப் போனவை உண்டு, கண்டெடுத்தவருக்கே திரும்பியவை உண்டு, தட்டான் உலைக்குப் போனவையும் உண்டு. ஒரே மாதிரி இருக்கிறதே, மாதிரிக்குச் சில போதாதா என்று அந்தக் காலத்து அதிகாரி நினைத்ததில் வியப்பில்லை. இன்றைய சேகரிப்பாளரும் அப்படியே நினைக்கும்போதுதான் கோபம் வருகிறது.

இனி, கடையில் ஒரு காசை நீட்டி இது ரோமானியக் காசு என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது? முதலில் எடை. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு மின்தராசு இன்று எளிதாகக் கிடைக்கிறது. மூன்று கிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். நான்குக்கு மேலே இருந்தாலும்தான். அடுத்து விளிம்பு. உண்மைக் காசு அச்சுக்கு நடுவே வைத்து அடிக்கப்பட்டது. விளிம்பில் விரிசலும் ஒழுங்கின்மையும் இருக்கும். போலி பெரும்பாலும் வார்ப்பு. விளிம்பைச் சுற்றி ஒட்டிய கோடோ அரத்தால் ராவிய தடமோ தெரியும், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் மழுங்கி இருக்கும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு காசு அருகருகே கிடந்தால் கீறல்கூட ஒரே இடத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் எழுந்து வந்துவிடலாம். மூன்றாவது, செம்புக்கு மேல் வெள்ளி முலாம். இது ரோமானியர் காலத்திலேயே நடந்த மோசடி. தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு எட்டிப்பார்க்கும். அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டாயிரம் ஆண்டுப் போலியும் வரலாறுதான். அதுபோலவே எழுத்து குழம்பி, வெறும் கோடுகளாக நிற்கும் உள்நாட்டுப் போலச்செய்தல்களும் வரலாறுதான்.

காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று முடிவுகட்ட முடியாது, ஈயமும் ஒட்டாது. உரைகல்லில் தேய்க்கவே கூடாது, அமிலச் சொட்டும் வேண்டாம். தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும். நல்ல வெள்ளி பத்தரை அளவில் நிற்கும், செம்பு ஒன்பதுக்குப் பக்கத்தில். பள்ளிக்கூட இயற்பியல் இதற்குப் போதும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பூசையறை வெள்ளிச் சாமானைப் பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்க்கும் கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. குத்துவிளக்குக்கு அது அழகு. பழங்காசின் மேல் படிந்த கருமை அதன் மேல்தோல். தேய்த்தால் நாற்காலிக் கால் போய்விடும், பிறகு எதைப் பார்த்துக் காலம் சொல்வது?

டைபீரியஸ் காசுக்கு வெளிநாட்டில் தனி மவுசு உண்டு. இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் ஏசுநாதர் வாங்கிப் பார்த்த காசு இதுவே என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. வெள்ளி எடைக்குச் சில நூறு ரூபாய் பெறும் காசு, அந்தப் பெயரால் அயல்நாட்டு ஏலங்களில் பல்லாயிரம் ரூபாய்க்குப் போகிறது. இந்த வித்தியாசம்தான் பானையை உடைத்துச் சிதறவைக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். உரிமம் இல்லாமல் வணிகம் செய்யக் கூடாது, தனியார் எவரும் நாட்டை விட்டு அனுப்பவே கூடாது. காசு சேர்க்கும் நண்பர்கள் இதைத் தெரிந்தே இருப்பீர்கள். தெரியாத மாதிரி இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மண்ணில் கிடைப்பதற்கு வேறு சட்டம். கரூரில் அந்த 500 காசு கிடைத்த அதே 1878இல் இயற்றப்பட்ட புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறை வரை போகலாம். உரிமை கோர யாரும் இல்லையென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால் தரவேண்டியது உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. ஏர் ஓட்டும்போது பானை தட்டிய விவசாயியிடம் வந்து, வெள்ளி எடைக்கு விலை போட்டு, மேலே இருபது விழுக்காடு தருகிறோம் என்று சொன்னால், அவர் ஏன் தாசில்தாரைத் தேடிப் போகப் போகிறார்? இரவில் வரும் வியாபாரி பல மடங்கு தருகிறான், கேள்வியும் கேட்பதில்லை. இந்தச் சட்டம் புதையலைக் காப்பதை விட அதைப் பற்றிய பேச்சை அடக்குவதில்தான் வெற்றி பெற்றிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு என்ற விதியை மாற்றி, தொல்லியல் மதிப்புக்கு ஏற்ற பரிசு தரும் ஏற்பாட்டைக் கொண்டுவர வேண்டும்.

சட்டம் ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது ஒரு செம்பு கிடைத்தது. உள்ளே 505 பொற்காசு, மொத்தம் 1.716 கிலோ. ரோமானியக் காசு அல்ல, பல நூற்றாண்டு பிந்தியவை. ஆனால் எண்ணி, எடைபோட்டு, அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். காசு எத்தனை, எடை எவ்வளவு, எந்த இடத்தில், எதற்குள் இருந்தது என்ற நான்கும் அன்றே பதிவாகிவிட்டன. வெள்ளலூரும் கரூரும் 19ஆம் நூற்றாண்டில் இந்த நான்கையும் முழுமையாகப் பெற்றிருந்தால், மெக்டொவல் சொன்னது சரியா தவறா என்று இன்றைக்கு விவாதித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

நம் ஊர்ச் சேகரிப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. உங்களிடம் உள்ள ஒவ்வொரு ரோமானிய வெள்ளிக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். எடை, இரண்டு பக்கப் படம், முன்புறத்தை நிமிர்த்திப் பிடித்துத் திருப்பினால் பின்புற உருவத்தின் உச்சி எந்தக் கடிகார எண்ணை நோக்குகிறது என்ற குறிப்பு, யாரிடம் எப்போது வாங்கியது, அவர் எந்த ஊர்க் காசு என்று சொன்னார், கூட எத்தனை இருந்தன. 'ஊர் தெரியாது' என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். கௌரவத்துக்காகக் கரூர் என்று போட்டுவிடாதீர்கள். ஒன்றாக வந்த காசுகளைப் பிரித்து விற்காதீர்கள். இரட்டிப்பு இருக்கிறதே என்று மாற்றிக்கொள்ளாதீர்கள். திருச்சி ராணி மங்கம்மாள் மகாலில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, கரூரிலும் இருக்கிறது. அங்கே உள்ள காப்பாட்சியரிடம் படத்தையாவது காட்டி வையுங்கள்.

காசு சேர்க்காதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழைய நகைப்பெட்டியிலோ பூசையறைத் தட்டிலோ, காது வைத்ததோ துளை போட்டதோ, நமக்குப் புரியாத தலை பொறித்த வெள்ளிக் காசு ஒன்று கிடந்தால், அதைத் தேய்க்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் அது எந்த ஊரிலிருந்து, யார் கை வழியாக வந்தது என்று இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.